சிறைப்புறத்தில் ஒரு ஞாயிறு

பேச்சில் கேட்பவனுக்கு என்ன இடம் என்ற கேள்வியை நம் விமர்சகர்கள் அநேகமாக மறந்துவிட்டார்கள். எழுதுகிறவன் இருக்கிறான், படைப்பு இருக்கிறது, வாசிக்கிறவன் எங்கோ வெளியே நின்று அனுபவித்துக்கொள்கிறான் என்ற மட்டில் நம் காரியம் முடிந்துவிடுகிறது. தொல்காப்பியர் இப்படி நினைக்கவில்லை. செய்யுளியலில் அவர் எண்ணிச் சொல்லும் 34 உறுப்புகளில், மாத்திரை, அசை, சீர், அடி இவற்றோடு 'கேட்போர்' என்பதும் ஓர் உறுப்பு. கேட்பவன் செய்யுளின் உடம்புக்குள்ளேயே இருக்கிறான். அகப்பாட்டுகளுக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்த துறைக் குறிப்புகளைப் புரட்டினால் 'சிறைப்புறம்' என்ற சொல் திரும்பத் திரும்பத் தட்டுப்படும். தலைவன் வேலிக்கு அப்பால் இருட்டில் நிற்கிறான். தோழி அவனிடம் பேசுவதில்லை. பக்கத்திலிருக்கும் தலைவியிடம் பேசுகிறாள்: தினை முற்றிவிட்டது, காவல் கடுமையாகிவிட்டது, அன்னைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொல் ஒருத்தியை நோக்கிப் போகிறது. அதன் பாரம் இன்னொருவன்மேல் இறங்குகிறது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நாம் உரையாசிரியர்களிடம் விட்டுவிட்டு, புதுக்கவிதையில் 'நான்' பேசுகிறேனா 'நாம்' பேசுகிறோமா என்று சண்டையிட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தச் சிறைப்புறத்தை மனதில் வைத்துக்கொண்டு பி.பி.சி.யின் ரேடியோ 4 என்ற அலைவரிசையின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை, காலை மணியோசையிலிருந்து நள்ளிரவுக்குப் பிந்திய கப்பல் வானிலை அறிக்கைவரை, ஒரே படைப்பாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 1967 செப்டம்பர் 30-இல், அதுவரை ஹோம் சர்வீஸ் என்று இருந்தது ரேடியோ 4 ஆயிற்று. சங்கீதத்துக்கு அங்கே அநேகமாக இடமில்லை. செய்தி, நாடகம், பிரார்த்தனை, கேலி, தோட்டம், கவிதை, இரங்கல், பார்லிமெண்ட் விவகாரம், கடல்: எல்லாம் பேச்சு. வாரநாட்களில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் இவையெல்லாம் ஞாயிறன்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகின்றன. பத்திரிகையின் ஞாயிறு மலர்போல என்று ஒப்பிடுவது எளிது. ஆனால் மலரைப் புரட்டுகிறவனுக்குத் தாண்டிப்போகிற சுதந்திரம் உண்டு. ரேடியோ முன்னால் இருப்பவனுக்கு அது கிடையாது. பூச்செடியில் புழு விழுந்ததற்கு மருந்து சொல்லி முடிந்த கையோடு நாடகத்தில் ஒருவன் சாகிறான், அவனையும் கேட்டாக வேண்டும். இன்று தனித்தனியாக எடுத்து, வேண்டிய நேரத்தில் கேட்க வசதி வந்துவிட்டது. அப்படிக் கேட்பவன் நிகழ்ச்சிகளைக் கேட்கிறான். ஞாயிறைக் கேட்பதில்லை.

நாம் யார் இதைக் கேட்பதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மை நோக்கிப் பேசிய பி.பி.சி. வேறு. 1941 மே மாதத்தில் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு, 'தமிழோசை' என்று சோ. சிவபாதசுந்தரம் பெயரிட்டது, 2017 ஏப்ரலில் வானொலியாக நின்றுபோயிற்று. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு புஸ்தகமே எழுதினார். சிட்டியோடு சேர்ந்து அவர் எழுதிய நாவல் வரலாற்றை வைத்திருக்கும் நம் எழுத்தாளர்களில் பலர் அந்த இன்னொரு புஸ்தகத்தைக் கண்டதில்லை. தமிழோசையில் நாம் விளிக்கப்பட்டவர்கள். இலங்கையில் யுத்த காலத்தில் அதைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டவர்களுக்கு, அது தங்களுக்கென்றே பேசும் குரல். ரேடியோ 4 பேசுவது பிரிட்டிஷ் பிரஜையிடம், உரிமக் கட்டணம் செலுத்தும் குடும்பத்திடம். அதற்கு நாம் யாருமில்லை. கோடையில் நாலரை மணி, குளிரில் ஐந்தரை மணி நேரம் தள்ளி, வேலிக்கு இப்பால் நிற்கிறோம். இந்த நிலை ஒரு குறையாக எனக்குப் படவில்லை. விளிக்கப்படாதவன் காதுக்குத்தான் விளிப்பின் தன்மை தெரியும்.

பி.பி.சி.யின் ஆதி ஞாயிறு ஜான் ரீத் என்ற மனிதரின் ஞாயிறு. ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் மகன். 1924 ஜனவரி 6-இல் லண்டன் செயிண்ட் மார்ட்டின் தேவாலயத்திலிருந்து முதல் ஆராதனை ஒலிபரப்பாயிற்று. தேவாலயத்துக்குப் போகவேண்டிய நேரத்தில் ரேடியோ குறுக்கே நிற்கக்கூடாது என்று ஞாயிறு முற்பகலை அவர் அநேகமாக மௌனமாகவே வைத்திருந்தார். பிற்பாடு வந்ததும் கனமான சங்கீதம், உபதேசம். தேசம் முழுவதையும் ஒரு சபையாக உட்காரவைத்து விளிக்கிற எண்ணம். சபை எழுந்து போய்விட்டது. 1931-இலிருந்து ரேடியோ நார்மண்டி, 1933-இலிருந்து ரேடியோ லக்ஸம்பர்க் என்று கடலுக்கு அப்பாலிருந்து வந்த வியாபார நிலையங்கள் நடனப் பாட்டும் சோப்பு விளம்பரமுமாய் ஞாயிறுக் கேட்பவர்களை வாரிக்கொண்டு போயின. ரீத் 1938-இல் வெளியேறினார். ஜனரஞ்சகத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடந்த போட்டியாக மட்டும் இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு இதில் தெரிவது வேறு. எல்லோரையும் ஒரே குரலில் விளிப்பவன் யாரையும் விளிப்பதில்லை என்று கேட்பவர்கள் ரேடியோவின் முதல் பத்து வருஷத்துக்குள்ளேயே கண்டுகொண்டுவிட்டார்கள். பின்னால் வந்த ஞாயிறுகள் எல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, இந்த அனுபவத்தின்மேல் கட்டப்பட்டவை.

ரீத்தின் எச்சம் இன்னும் காலையில் இருக்கிறது. விடியுமுன் ஏதோ ஓர் ஊர் தேவாலயத்தின் மணிகள். ஆங்கிலேயர் மணி அடிப்பதில் ராகம் கிடையாது. மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள், எந்த வரிசையும் மறுபடி வராமல். ஆறு மணிகளென்றால் 720 வரிசை. கணக்கு ஒலியாகிற இந்த விசித்திரத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இங்கே வேண்டியது இவ்வளவு: அந்த மணி, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவனை அழைப்பதற்காக அடிக்கப்படுவது. ரேடியோ அதை வரமுடியாதவர்களுக்கும் வரமாட்டாதவர்களுக்கும் கொண்டுபோகிறது. அழைப்பு அழைப்பாக இல்லாமல் போய் இனிய ஓசையாக மிஞ்சுகிறது. இது அன்று முழுவதும் நடக்கப்போவதற்கு முன்னோட்டம் என்பதை அடிப்பவர்கள் அறிய மாட்டார்கள்.

மணிக்குப் பிறகு மத விவகாரச் செய்திகள், ஆராதனை. இவற்றுக்கு நடுவே மூன்றே நிமிஷம் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்காக யாரோ ஒருவர் பணம் கேட்கிறார். 1926-இலிருந்து வேறு பெயரில் நடந்துவரும் காரியம். அன்றைய நிகழ்ச்சிகளில் பாசாங்கு மிகக் குறைந்தது இதுதான் என்பது என் கணிப்பு. யாரிடம், எதற்கு, எவ்வளவு நேரம் என்பது மூன்றும் தெளிவு. இலக்கிய நயம் பற்றிய கவலை அங்கே இல்லாததாலேயே சில சமயம் நல்ல உரைநடை வந்துவிடுகிறது.

கடிதத்துக்கு வருவோம். அலிஸ்டர் குக் என்ற, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான பத்திரிகைக்காரர், 1946 மார்ச்சிலிருந்து 2004 பிப்ரவரி வரை வாரத்துக்கு ஒரு 'அமெரிக்கக் கடிதம்' படித்தார். மொத்தம் 2,869. ஞாயிறு காலையில் அதன் மறு ஒலிபரப்பைக் கேட்பது அங்கே ஒரு தலைமுறையின் பழக்கம். குக்கின் அபிப்பிராயங்கள் பல சாதாரணமானவை. ஆனால் வடிவம் சாதாரணமானதில்லை. கடிதம் எழுதுகிறவன் வழிதவறலாம், வேறொன்றைத் தொட்டு விரிக்கலாம், ஒரு மரத்தில் ஆரம்பித்து ஒரு ஜனாதிபதியில் முடிக்கலாம். பெறுகிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் பொறுத்துக்கொள்வான் என்ற தைரியம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' குக்கிடம் குணமாகியது இந்தப் பெறுகிறவனால். (அதே ஞாயிறில், நடுப்பகலில் மறு ஒலிபரப்பாக வந்துகொண்டிருந்த 'ஜஸ்ட் எ மினிட்' என்ற விளையாட்டில், தயங்காமல், கூறியது கூறாமல், விஷயத்தை விட்டு விலகாமல் ஒரு நிமிஷம் பேசவேண்டும். 1967-இலிருந்து நடப்பது. பவணந்தி முனிவர் நடுவராக உட்கார்ந்திருக்கலாம். நிஜப் பேச்சு முழுக்க இந்த மூன்று குற்றங்களால் ஆனது என்பதுதான் அதன் வேடிக்கை. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.)

குக் போனபின் அந்த மாதிரியான பேச்சுக்கு வந்த நிகழ்ச்சியின் பெயர் 'எ பாயிண்ட் ஆஃப் வியூ', ஒரு பார்வைக் கோணம். பத்து நிமிஷம், ஆள் மாறி ஆள். பேசுகிறவர்கள் குக்கைவிடப் படித்தவர்கள், சிந்தனையில் கூர்மை உள்ளவர்கள். ஆனால் பெயரிலேயே பிசகு வந்துவிட்டது. கடிதத்துக்கு விலாசம் உண்டு. பார்வைக்கு விலாசம் கிடையாது. பார்க்கிறவன் மட்டுமே உண்டு. ஆகவே நல்ல கட்டுரையை உரக்கப் படிப்பதாக அது முடிகிறது. அச்சில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரேடியோவில் ஒன்றைப்பற்றித் தோன்றினால், அது ரேடியோவுக்குத் தோல்வி.

'டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியைப் பற்றி நான் சொல்வது சிலருக்குக் கடுமையாகப் படலாம். 1942 ஜனவரி 29-இல் ஆரம்பித்தது. ராய் ப்ளோம்லி என்பவரின் யோசனை. 1985-இல் இறக்கும்வரை அவரே நடத்தினார். பிரபலமான ஒருவரைத் தனித் தீவில் ஒதுங்கியவராகப் பாவித்து, கூட வைத்துக்கொள்ள எட்டு இசைத்தட்டுகள், ஒரு புஸ்தகம், ஒரு சொகுசுப் பொருள் கேட்பது. பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவில் ஏற்கெனவே இருக்கும். இந்தச் சலுகையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எந்த மனிதனும் இல்லாத தீவிலும் இங்கிலாந்து முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்கிறது. முகப்பு இசைக்குப் பின்னால் கத்தும் பறவைகள்கூட இங்கிலாந்துக் கடற்கரையின் பறவைகள். வெப்பமண்டலத் தீவில் அவற்றுக்கு வேலையில்லை. ஆளற்ற இடம் என்பது கற்பனைக்குக்கூட எட்டவில்லை போலும்.

ஆரம்ப காலத்தில் கேள்வியும் பதிலும் முன்கூட்டியே எழுதி வைத்துப் படிக்கப்பட்டன. யுத்தகாலத் தணிக்கை அதற்கு ஒரு காரணம். பிற்பாடு எழுத்துப்படி போயிற்று. படித்த தன்மை போகவில்லை. விருந்தாளி நடத்துகிறவரிடம் பேசுகிறார். மனம் திறக்கிறார். தகப்பனைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. உடனே ஒரு பாட்டு, அதுவும் முழுதாக இல்லை, ஒரு துண்டு. இருவருக்கும் வேலிக்கு அப்பால் லட்சக்கணக்கானவர்கள் நிற்பது தெரியும். தோழிக்கும்தான் தலைவன் நிற்பது தெரியும், அப்படியானால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். தோழிக்கு ஓர் அவசரம் இருக்கிறது. அவன் மணம் பேச வராவிட்டால் ஒரு வாழ்க்கை கெட்டுப்போகும். தலைவியிடம் அவள் பேசுவது பாவனை என்றாலும் அந்தப் பாவனைக்கு அடியில் ஒரு நிர்ப்பந்தம் எரிந்துகொண்டிருக்கிறது. தீவின் விருந்தாளிக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. தான் எப்படிப்பட்டவனாகக் கேட்கப்படவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு நம்மிடம் சொல்லவேண்டியது எதுவுமில்லை. ஜெர்மன் பாடகி எலிசபெத் ஷ்வார்ஸ்காப்ஃப் 1958-இல் வந்தபோது எட்டில் ஏழு இசைத்தட்டுகள் தாம் பாடியவற்றையே கேட்டார். இதைக் கர்வத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மற்றவர்கள் பீத்தோவனையும் பாக்கையும் வைத்துக்கொண்டு செய்த காரியத்தை அவர் நேராகச் செய்தார், அவ்வளவே.

ஞாயிறின் உண்மையான கனம் 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரில் இருக்கிறது. இதை நான் எழுதுவது நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தொடர்கதை என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் சம்பிரதாயம் நம்முடையது, வாரப் பத்திரிகைகளிடம் பட்ட பாடு அப்படி. 1950-இல் சோதனையாக, 1951 ஜனவரி 1 முதல் தேசம் முழுவதுக்குமாகத் தொடங்கியது. ஆம்ப்ரிட்ஜ் என்ற இல்லாத கிராமம், அதில் ஆர்ச்சர் என்ற விவசாயக் குடும்பம். காட்ஃப்ரி பேஸ்லி உருவாக்கியது. யுத்தம் முடிந்தும் உணவுப் பங்கீடு முடியாத காலம். 1954-இல்தான் அது முற்றாக நீங்கியது. விளைச்சலைப் பெருக்க விவசாயிக்குப் புது முறைகளைச் சொல்லவேண்டும். நேராகச் சொன்னால் கேட்க மாட்டான். ஆகவே விவசாய மந்திரி அலுவலகத்தின் ஒத்துழைப்போடு, கதையில் ஒருவர் இன்னொருவரிடம் மாட்டுக்கு வரும் நோயைப் பற்றிப் பேச, அசல் விவசாயி தன் வீட்டில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டான். சிறைப்புறத்தின் சுத்தமான உதாரணம். தோழி தலைவியிடம் தினை முற்றியதைச் சொல்வதற்கும், டான் ஆர்ச்சர் மகனிடம் மண்ணைப் பற்றிச் சொல்வதற்கும் கட்டமைப்பில் பேதம் இல்லை. விவசாயப் பாடம் காலப்போக்கில் பின்னுக்குப் போயிற்று. வேலி மட்டும் அப்படியே நின்றது. பாடம் சொல்லிக்கொடுக்கச் செய்த ஏற்பாடு, பாடம் போனபின் ஒரு கலைவடிவமாக மிஞ்சியிருக்கிறது. கலைவடிவங்கள் பலவற்றின் சரித்திரம் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

1955 செப்டம்பர் 22-இல், வியாபார டெலிவிஷன் பிரிட்டனில் ஆரம்பமான அதே இரவு, கிரேஸ் என்ற பாத்திரத்தை லாயத்தில் பிடித்த தீயில் கொன்றார்கள். அதைப்பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. போட்டியாளனின் நாளில் கவனத்தைப் பறிக்கச் செய்த தந்திரம் அது, வேறொன்றுமில்லை.

ஆனால் 2016 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்த பகுதி வேறு ரகம். ஹெலன் ஆர்ச்சர் தன் கணவன் ராப் டிட்செனரைக் கத்தியால் குத்துகிறாள். அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொண்டால் மலிவான நாடகம். அதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக்கு மேல், ஒரு நாளைக்குப் பதின்மூன்று நிமிஷமாக, அந்த மனிதனின் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் கத்துவதில்லை. அக்கறையாகப் பேசுவான். களைத்திருக்கிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற வகை. அவள் சமைத்ததைப் பற்றி, உடுத்தியதைப் பற்றி, அவள் தோழியைப் பற்றி, காரோட்டுவதைப் பற்றி, மிருதுவாக ஒரு வார்த்தை. ஒவ்வொன்றும் தனித்து எடுத்தால் பழுதில்லாத வாக்கியம். அடுக்கடுக்காக அவை விழ விழ, அவளுடைய குரல் மெலிந்துகொண்டே வருகிறது. வாக்கியங்கள் முடியாமல் நிற்கின்றன. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறாள். டெலிவிஷனில் இதைச் செய்திருந்தால் ஒரு பார்வையை, உதட்டுச் சுழிப்பைக் காட்டி, இவன் கெட்டவன் என்று முதல் வாரத்திலேயே நமக்குச் சொல்லியிருப்பார்கள். இங்கே தொனியைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். சாதனத்தின் குறை விஷயத்தின் உள்ளடக்கமாகவே ஆகிவிட்ட அபூர்வ சந்தர்ப்பம் இது. அந்த மாதிரி ஆதிக்கத்தை, அடி உதை இல்லாவிட்டாலும், குற்றமாக்கும் சட்டப் பிரிவு இங்கிலாந்தில் 2015 டிசம்பர் கடைசியில்தான் அமலுக்கு வந்திருந்தது. கதையைக் கேட்டவர்களில் ஒருவர் தொடங்கிவைத்த நிதிக்கு, கொடுமைக்குள்ளான பெண்களுக்குப் புகலிடம் தரும் ஸ்தாபனத்துக்காக, ஒரு லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. பணம் கலைக்கு அளவுகோல் ஆகாது. ஆனால் சிறைப்புறத்தில் நின்றவர்கள் அதற்குமேல் நிற்கமுடியாமல் வேலியைத் தாண்டப் பார்த்தார்கள் என்பதற்கு அது அடையாளம்.

அந்த வருஷம் செப்டம்பர் 11, அதுவும் ஞாயிறு, ஒரு மணிநேரச் சிறப்புப் பகுதி. ஜூரர்கள் அறைக்குள் உட்கார்ந்து ஹெலன் குற்றவாளியா என்று விவாதிக்கிறார்கள். பெயர்பெற்ற நடிகர்களை அதற்கென்று கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு அபிப்பிராயங்களாக வந்து, நாம் இரண்டு வருஷமாகத் தொனியில் கேட்டதையெல்லாம் நமக்கே விளக்கிச் சொன்னார்கள். விடுதலை என்று தீர்ப்பாயிற்று. அந்த ஒரு மணிநேரத்தில் தொடர் திரும்பி நின்று நேராக நம்மிடம் பேசியது, பேசியவுடன் சரிந்தது. கேட்பவனை நம்பாமல் போவது எழுத்தாளனுக்கு எங்கே நேர்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஏப்ரல் பகுதியையும் செப்டம்பர் பகுதியையும் அடுத்தடுத்துக் கேட்கவேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டக்காரர்களின் கேள்வி நேரம். 1947-இல் மான்செஸ்டர் பக்கம் ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. என் மண் களிமண், வீட்டின் வடக்குச் சுவரோரம், அங்கே என்ன வளரும் என்று ஒருவர் கேட்கிறார். அவர் மண்ணுக்குப் பதில் வருகிறது. கேட்டவரைத் தவிர அந்தச் சுவர் யாருக்கும் கிடையாது. செடியே இல்லாதவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

நாலரை மணிக்கு, பல வருஷங்களாக, 'பொயட்ரி ப்ளீஸ்'. 1979-இலிருந்து நடப்பது. கேட்பவர்கள் வேண்டும் கவிதைகளை நடிகர்கள் படிக்கிறார்கள். கணவன் இறந்தபோது ஆறுதலாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, மகள் கல்யாணத்தில் படித்தது என்று காரணங்கள். நேயர் விருப்பம். தேர்ந்த நடிகர்கள் தேர்ந்த முறையில் படிப்பதால் எல்லாக் கவிதைகளும் ஒரே கவிதையாகக் கேட்கின்றன. நம் கவியரங்கத்தில் கவிதை கைதட்டலுக்காக வளைந்தது; அங்கே நிம்மதிப் பெருமூச்சுக்காக வளைகிறது. இரண்டிலும் கவிதை தனக்கு வேண்டிய கேட்போரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை இழந்துவிடுகிறது. இதற்கு எதிராக வைக்க ஒரு ஞாயிறு இருக்கிறது: 1957 ஜனவரி 13. ரேடியோ 4 அப்போது பிறக்கவில்லை; அதே வீட்டின் இன்னொரு அறையான மூன்றாம் அலைவரிசையில் பெக்கெட்டின் 'ஆல் தட் ஃபால்' ஒலிபரப்பாயிற்று. ஒரு கிழவி கிராமத்துச் சாலையில் கணவனை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். வழியில் கேட்கும் ஆடு, மாடு, கோழியெல்லாம் மனிதர்கள் வாயால் எழுப்பிய சத்தம். தன் பேச்சு தனக்கே அந்நியமாகக் கேட்கிறது என்ற உணர்வு அந்தக் கிழவிக்கு உண்டு. இதை மேடையில் போடக்கூடாது என்று பெக்கெட் பிடிவாதமாக இருந்தார். யாருடைய விருப்பத்துக்கும் இணங்காத கவிதை ரேடியோவில் சாத்தியம் என்பதற்கு அந்த ஒரு மாலை போதும்.

மாலை, இரவு நிகழ்ச்சிகளில் நிற்கவேண்டிய அவசியமில்லை. வாரத்தின் நிகழ்ச்சிகளிலிருந்து துண்டுகள், இறந்தவர்கள் பற்றிப் பேச்சு, பத்து மணிக்கு அரசியல். நள்ளிரவு தாண்டி 12.48-க்குக் கப்பல் வானிலை அறிக்கை.

இதைப்பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு எழுதிவிட்டார்கள். ஷேமஸ் ஹீனியும் கேரல் ஆன் டஃபியும் இதைத் தங்கள் பதினாலடிப் பாக்களுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பிறகு அது தேநீர்க் கோப்பையிலும் துணிப்பையிலும் அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது. இது தற்செயலாக அமைந்த கவிதை என்று சொல்வது அங்கே ஒரு சம்பிரதாயம். எனக்கு அது உடன்பாடில்லை. கவிதையின் லட்சணங்கள் அதில் இருக்கின்றன: 31 கடற்பகுதிகள், மாறாத வரிசை, வினைச்சொல் இல்லாத வாக்கியங்கள், ஏறக்குறைய 350 சொற்களுக்குள் முடிக்கவேண்டிய கட்டுப்பாடு. வைகிங், ஃபார்ட்டீஸ், டாகர், ஃபிஷர், ஃபாஸ்ட்நெட், ராக்கால், ஹெப்ரிடீஸ். ஆனால் படுக்கையில் இருப்பவனைத் தொடுவது இந்தப் பெயர்களின் ஓசை என்று நான் நம்பவில்லை. அந்தக் குரல் அவனிடம் பேசவில்லை. அந்த நேரத்தில், இருட்டில், அலைமேல் நிற்கிற ஒருவனிடம் பேசுகிறது. அந்த இன்னொருவனுக்குக் காற்று எட்டா பத்தா என்பது உயிர்ப் பிரச்சினை. காலையிலிருந்து கேட்ட எந்தப் பேச்சுக்கும் இல்லாத நிர்ப்பந்தம் இதற்கு இருக்கிறது. தோழியின் பேச்சுக்கு இருந்த மாதிரி. அறிக்கைக்கு முன்னால் வாசிக்கப்படும் ரொனால்ட் பிஞ்சின் மெல்லிசைகூட மாலுமி அலைவரிசையைத் தேடிப் பிடிப்பதற்கு உதவியாக வைத்தது. கரையில் இருப்பவர்கள் அதைத் தாலாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

2002-இல் ஃபினிஸ்டர் என்ற பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். அதே பெயரை ஸ்பெயின்காரர்கள் வேறொரு கடற்பகுதிக்கு வைத்திருந்தார்கள், குழப்பத்தைத் தவிர்க்கவேண்டியிருந்தது. பெரிய ஆட்சேபம் எழுந்தது. கரையில் இருப்பவர்களின் ஆட்சேபம். கடலில் இருப்பவனுக்கு வேண்டியது இரண்டு இடத்துக்கு ஒரே பெயர் இல்லாமல் இருப்பது. ஒட்டுக்கேட்டவர்கள் சொத்துரிமை கொண்டாடத் தொடங்கியது அப்போதுதான் வெளிப்படையாகத் தெரிந்தது. ஃபிட்ஸ்ராய் யார் என்று பார்த்தால் இந்த ஆட்சேபம் இன்னும் அற்பமாகிறது. டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர். 1859-இல் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபின், தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை ஏற்படுத்தியவர். 1861-இலிருந்து பத்திரிகையில் தினம் வானிலையை முன்னறிந்து சொன்னார். பலிக்காதபோது பரிகசித்தார்கள். 1865 ஏப்ரல் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவரக்கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். அவர் சொன்னது மாலுமிகளுக்கு. பரிகசித்தவர்கள் கரையில் பத்திரிகை படித்தவர்கள்.

இப்போது நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது. கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் உண்டு, தானாக அச்சாகிவரும் நாவ்டெக்ஸ் செய்தி உண்டு. 2024 வசந்தத்தில் நீளலைக்கென்று தனி நிகழ்ச்சி நிரல் வைத்திருந்ததை நிறுத்தியபோது வாரநாட்களில் அறிக்கையின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். சனி ஞாயிறு மாலை அறிக்கை தப்பித்தது. சிறு மீன்பிடிப் படகுகளையும் பாய்ப்படகுக்காரர்களையும் தவிர, இந்தக் குரலை எதிர்பார்த்துக் கடலில் காத்திருப்பவர்கள் அருகிவருகிறார்கள். தலைவி எழுந்து உள்ளே போய்விட்டாள், தோழி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், வேலிக்கு அப்பால் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. அப்போது அந்தப் பேச்சு என்ன ஆகும்? முந்நூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியை யார் படிக்கிறார்கள் என்று தெரியாமல் தபாலில் சேர்ப்பவர்கள் இதை யோசிக்காமல் இருக்கமுடியாது. காலையில் மணியோசைக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும் என்று சொல்லிவிடலாம். நான் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஏனெனில் படிக்கிறவர் இன்னும் வேகத்தைக் கூட்டவில்லை. ஒருவன் கையில் பென்சிலோடு, ஆடுகிற மேஜையில் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொள்ளக்கூடிய நிதானத்தில்தான் படிக்கிறார். ட்ரஃபால்கர் என்ற பகுதியை நாளில் இந்த ஒரு முறைதான் சொல்கிறார். கடைசியில் கரையோர நிலையங்களின் காற்றழுத்தம். பிறகு தேசிய கீதம். ஒரு மணிக்கு அலைவரிசை வேர்ல்ட் சர்வீஸ் கைக்குப் போகிறது.